அந்தத் திருப்பூர்த் தாய்க்கு: பையனைக் குறை சொல்லாதீர்கள், புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் திருப்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகன் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறான். விடுமுறைக்கென்று 500 ரூபாய்க்கு மேல் கொடுத்து, கெட்டி அட்டை போட்ட கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாராம். பையன் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தவன் அப்புறம் அதைத் தொடவே இல்லையாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பே பிடிக்காதோ, எதைத்தான் வாங்கிக் கொடுப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டு முடித்திருந்தார். அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். புத்தகங்களின் பெயர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் சிவகாசியில் பைண்டிங் வேலை பார்க்கிறவன். காலண்டர், டைரி, கோடு போட்ட நோட்டு, வாய்ப்பாடு, கதைப் புத்தகம் என்று எது அச்சானாலும் மடிப்பும் தையலும் வெட்டும் எங்களிடம்தான் வரும். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் என் மகன் சிறுவனாக இருந்த காலத்திலிருந்து இருக்கிறது. இப்போது பேரன் எட்டாம் வகுப்பு, பேத்தி இரண்டாம் வகுப்பு. அந்த அனுபவத்தையும் தொழில் அனுபவத்தையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

அம்மா, அந்த 500 ரூபாய்ப் புத்தகத்தை எடுத்துத் தரையில் விரித்து வையுங்கள். கையை எடுத்ததும் தானாக மூடிக்கொள்கிறதா? அப்படியானால் உள்ளே நூல் தையல் இருக்காது, முதுகில் கம் மட்டும்தான் போட்டிருப்பார்கள். பெரியவர்கள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துப் படித்துவிடுவோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு வரியைத் தொட்டுக்கொண்டே போக ஒரு விரல் வேண்டுமே! புத்தகத்தைப் பிடிப்பதே பாடாக இருந்தால் அவன் எப்படிப் படிப்பான்? சின்னப் பிள்ளைகளுக்கு 16, 24, 32 பக்கத்தில், நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள்தான் சரி. தரையில் வைத்தால் விரிந்து கிடக்கும், குப்புறப் படுத்துக்கொண்டு படிக்கலாம். விலையும் குறைவு. இரண்டு மூன்று வருடம் போனால் தடிமனான புத்தகம் வாங்கலாம், அதிலும் நூல் தையல் இருக்கிறதா என்று முதுகைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது எழுத்து. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு 16, 18 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் எழுத்தில் கொம்பும் காலும் புள்ளியும் இருப்பதால், பொடியாக அச்சடித்தால் ண எது, ன எது என்று கண் திணறும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நெடுநாள் வாசித்துப் பழகிய நமக்கு அது தெரிவதே இல்லை. தமிழில் வரி முடிகிற இடத்தில் நீளமான சொல்லை எந்தக் குறியும் போடாமல் உடைத்துவிடுவார்கள். 'விளையாடிக்கொண்டி' என்று ஒரு வரி முடியும், 'ருந்தான்' என்று அடுத்த வரி தொடங்கும். என் பேத்தி 'ருந்தான்' என்றால் யார் என்று கேட்டாள். பேர் என்று நினைத்துவிட்டாள்! சிறு பிள்ளைகளுக்கான புத்தகத்தில் வரிகள் குட்டையாக இருக்க வேண்டும், சொல் முழுசாக இருக்க வேண்டும். நல்ல பதிப்பகங்கள் இதில் கவனமாக இருக்கின்றன. கடையில் நின்று நாலு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும்.

கடையிலேயே செய்ய வேண்டிய இன்னொரு காரியம், ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது. பக்கத்தில் நிற்கிறவர் பார்த்தால் பார்க்கட்டும். 'கரடியானது மிகுந்த மகிழ்ச்சி அடைந்ததாக உணர்ந்தது' என்று இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். 'கரடிக்கு ஒரே குஷி' என்று இருந்தால் வாங்குங்கள். பெரியவர் வாய்க்கு வராத தமிழ் பிள்ளையின் வாய்க்கு எங்கே வரப்போகிறது? பளபள அட்டை போட்டு, வேற்று மொழிக் கதையை அவசரமாகத் தமிழாக்கி விற்கிற புத்தகங்களில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் தேறாது. வயதுப் பட்டியல், பரிசு முத்திரை எல்லாவற்றையும்விட இந்த ஒரு சோதனையைத்தான் நான் நம்புகிறேன்.

சரி, எந்தப் புத்தகம்?

உங்கள் மகனுக்கு முதலில் காமிக்ஸ் கொடுங்கள். எங்கள் ஊர்ப் பெருமை என்பதற்காகச் சொல்லவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு கிளம்பியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் தமிழை வேகமாக வாசிக்கக் கற்றுக்கொண்டதே அந்தச் சின்னப் புத்தகங்களில்தான். எல்லா இதழும் சிறுவர்களுக்கானதில்லை, துப்பாக்கியும் ரத்தமுமாக வருவதும் உண்டு, புரட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒன்பது வயதுப் பையனுக்கு லக்கி லுக் சரியாக இருக்கும். தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிற கௌபாய், அவனைவிட விவரமான குதிரை, சிறையிலிருந்து தப்பித் தப்பி மாட்டிக்கொள்கிற டால்டன் சகோதரர்கள் நாலு பேர். காமிக்ஸ் படித்தால் படிப்பு கெட்டுவிடும் என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் மரியாதை உண்டு, இந்த விஷயத்தில் மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு வரிதான், அதுவும் பேச்சு. படம் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது. மிரண்டுபோன பிள்ளைக்கு முழுப் பக்க எழுத்தைப் பார்த்தால் வருகிற பயம் இதில் வராது.

இன்னும் சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் பாட்டிலிருந்து தொடங்குங்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' தொகுப்பு ஒன்று வீட்டில் இருந்தால் போதும், வருடக்கணக்கில் ஓடும். புதுக்கோட்டை மாவட்டம் ராயவரத்துக்காரர், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதிக்கொண்டிருந்தவர். தட்டும் லட்டும் கிட்டுவும் பட்டுவும் வருகிற அந்தப் பாட்டை என் பேத்தி மூன்று வயதில் வாயால் பாடினாள், ஐந்து வயதில் அச்சில் பார்த்ததும் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டாள். ஏற்கனவே நாக்கில் இருக்கிற சொல்லைக் கண் அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான். பாட்டுப் புத்தகத்தை 'ரைம்ஸ்' வயதோடு மூட்டை கட்டிவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பிரதம் புக்ஸ் வெளியிடுகிற சின்னச் சின்னப் படக்கதைகளும் இந்த வயதுக்கு நல்லவை. நான்கு படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். அவர்களுடைய ஸ்டோரிவீவர் இணையதளம் 2015இலிருந்து இருக்கிறது. தமிழிலும் ஏராளமான கதைகள் உண்டு. காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்தும் கொள்ளலாம், உரிமமே அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் செல்போனில் காட்டாதீர்கள், புத்தகமாக்கிக் கொடுங்கள். எப்படி என்பதைத் தொழில்காரனாகச் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடையில் 'புக்லெட்' என்று கேட்டு ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து வாங்குங்கள், பக்க வரிசையை மெஷின் பார்த்துக்கொள்ளும். தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். மடிப்பின் மேல் மூன்று துளை, நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. கெட்டி நூலை ஊசியில் கோத்து, உள்பக்கமிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள். மேல்துளை வழியாக உள்ளே விடுங்கள். நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே வாருங்கள். மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வந்து, உள்ளே நீளமாக ஓடுகிற நூலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு முனையை வைத்து முடிச்சுப் போடுங்கள். பழைய காலண்டர் அட்டையைச் சேர்த்துத் தைத்தால் மேலட்டையும் ஆயிற்று. பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். தான் தைத்த புத்தகத்தைப் பிள்ளைகள் லேசில் கிழிக்க மாட்டார்கள்.

இனி, வீடே சேர்ந்து வாசிக்கிற புத்தகங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானில் தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளிக் காலத்தைப் பற்றி எழுதி 1981இல் வந்த புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. முதல் பள்ளியிலிருந்து அனுப்பிவிடப்பட்ட ஒரு சிறுமி ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கிற தோமோயி பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே அவளை எதிரில் உட்காரவைத்து, அவள் பேசப் பேச நாலு மணி நேரம் கேட்கிறார். அந்த இடத்தை வாசித்த ராத்திரி என் பேரன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் "தாத்தா, நிஜமாவே நாலு மணி நேரமா?" என்றான். ஒவ்வோர் அத்தியாயமும் இரண்டு மூன்று பக்கம்தான், ஒரு ராத்திரிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அலுக்காது. சாப்பாட்டு டப்பாவில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்று அந்தத் தலைமையாசிரியர் சொல்வார். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளைக்குக் கருவாடும் கீரையும் அந்தப் பேரில்தான் பரிமாறப்பட்டன. பெற்றோர், பிள்ளை, ஆசிரியர் மூன்று பேருமே படிக்க வேண்டிய புத்தகம் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

கோவில்பட்டி உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதிய சிறுவர் நாவல். 2023இல் சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமி பரிசான பால புரஸ்கார் பெற்றது. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் ஆதன் என்ற பேர் கீறியிருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பேருக்கு உயிர் கொடுத்திருக்கிறார். இதை வாசித்து முடித்ததும் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். பாடப்புத்தகத்தில் அகழாய்வு என்று படித்தபோது சும்மா இருந்த பேரன், அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓடுகளை ஒன்றுவிடாமல் நின்று பார்த்தான். மதுரைப் பக்கம் வருகிற குடும்பங்கள் முதலில் புத்தகம், அப்புறம் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசை மாறினால் பாதி ருசி போய்விடும்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே பரிசைப் பெற்றது. தப்பான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுகிற கதை. ஒரு மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமிக்குத் துணையாகிறது. இதைப் பெற்றவர்கள் முதலில் தனியாக வாசியுங்கள், அப்புறம் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். எங்கள் வீட்டில் மருமகள்தான் இதைக் கையில் எடுத்தாள். எங்களால் வாய் திறந்து பேச முடியாத விஷயத்தை அந்தக் கதையைச் சாக்கு வைத்து அவளால் பேச முடிந்தது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள், பையன்களும் படிக்க வேண்டியது.

எங்கள் கரிசல் மண்ணின் கி. ராஜநாராயணனை விட்டுவிட்டால் என் மனைவி என்னைச் சும்மா விடமாட்டாள். அவருடைய 'பிஞ்சுகள்' பறவை முட்டைகளைத் தேடி அலைகிற ஒரு சிறுவனின் கதை. ஐந்தாம் வகுப்புவரை படித்த என் மனைவி, பூ கட்டிக்கொண்டே கேட்பவள், இந்தப் புத்தகத்துக்கு மட்டும் பூவைக் கீழே வைத்துவிட்டாள். கதையில் வருகிற குருவிகள் ஒவ்வொன்றையும் தான் எங்கே பார்த்தேன் என்று சொல்லத் தொடங்கினாள், வாசிப்பு நின்று அவள் பேச்சுதான் நடந்தது. அதுவும் வேண்டியதுதான். பக்கத்து ராஜபாளையத்துக் கொ.மா. கோதண்டம் எழுதிய 'காட்டுக்குள்ளே இசைவிழா' காட்டு விலங்குகள் பிடிக்கிற பிள்ளைகளுக்கு. அறிவியலில் நாட்டம் இருந்தால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ், 1987இல் தொடங்கியது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதை முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததுமே பிள்ளையின் முகம் பரீட்சை முகமாகிவிடுகிறது. அவர்களுக்குக் கேட்க ஏதாவது இருந்தால் அவர்களே கேட்பார்கள், சில நேரம் ரெண்டு நாள் கழித்து, குளிக்கும்போது.

காசு பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பூர்த் தாய் 500 ரூபாய் செலவழிக்க முடிந்தவர். எங்கள் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களில் பலருக்கு அது முடியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2023இல் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலையில் அருமையான சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. அவை பீரோவில் இருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா என்று பெற்றோர்கள் போய்க் கேளுங்கள், வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கிழிந்தால் தைத்துக் கொடுக்க என்னைப் போல ஆட்கள் இருக்கிறோம். அப்புறம் பொது நூலகம். 1948ஆம் வருடச் சட்டப்படி நாம் கட்டுகிற சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. ஏற்கனவே பணம் கட்டிவிட்டோம், அந்தப் புத்தகங்கள் நம் புத்தகங்கள். பிள்ளையை உறுப்பினராக்கி, அதன் கையாலேயே எடுக்கவிடுங்கள். தப்பான புத்தகத்தை எடுத்து வந்தால்தான் என்ன, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை ஒரே ஒரு சிறுவர் புத்தகத்தை உங்கள் நாளிதழில் அறிமுகப்படுத்துங்கள். கால் பக்கம் போதும். ஆசிரியர், பதிப்பகம், விலை, பக்கம், எந்த வயதுக்கு என்பதோடு, வாங்க விரும்புகிறவர் எங்கே கேட்க வேண்டும் என்பதையும் போடுங்கள். சின்ன ஊர்களில் சிறுவர் புத்தகம் விற்கிற கடையே இல்லை, புத்தகத் திருவிழா வந்தால்தான் உண்டு. அட்டைப் படத்தை மட்டும் போட்டால் பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. உள்பக்கம் ஒன்றையும் படமெடுத்துப் போடுங்கள், எழுத்தின் அளவும் தமிழும் எப்படி என்று அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள். முடிந்தால் அந்த அறிமுகத்தை மாதம் ஒருமுறையாவது ஒரு பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். என் பேரன் எழுதத் தயாராக இருக்கிறான், 'ஆதனின் பொம்மை'யைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியும் வைத்திருக்கிறான். இடம் உண்டு என்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பைண்டிங் தொழிலாளி ஒருவர்,
சிவகாசி.